செடியை வைத்துப் பூச்சியை அறிவது

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளைத் தாண்டினால் நெல்வயல்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டில் பெரும்பகுதி ஏதாவதொரு வயலில் பயிர் நிற்கும் வட்டாரம். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அவற்றோடு தூரடியில் ஓடித் திரியும் இன்னொன்றும் உண்டு. நீளம் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். பச்சை இறக்கை, தலையிலும் தோளிலும் கறுப்புத் திட்டு. பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி என்பார்கள். அறிவியல் பெயர் சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ். மருந்துக்கடையில் கொண்டுபோய்க் காட்டினால் இதுவும் தத்துப்பூச்சிக் கணக்கில் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். நெல்லில் இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, கூட்டமாக இருக்கிறது. மருந்து எழுத வேறென்ன வேண்டும்?

எந்தச் செடியில் இருக்கிறதோ அதை வைத்துப் பூச்சியை அடையாளம் காண்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வகைப்பாட்டு அறிஞர்களே அப்படித்தான் தொடங்குகிறார்கள். மிரிட் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 11,000 இனங்களுக்கு மேல். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவுதான். பச்சை அல்லது பழுப்பு. ஐரோப்பாவின் மேட்டு நிலங்களில் எரிகா, கல்லூனா என்னும் குட்டைப் புதர்கள் மண்டிக் கிடக்கும். அங்கே வாழும் ஆர்தோடைலஸ் எரிசெடோரம் என்ற சிறு பச்சைப் பூச்சியைத் தேடுகிறவர் முதலில் புதரைத்தான் தேடுவார். புதர் சரியென்றால் பாதி வேலை முடிந்தது. மீதியை ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்து உறுதி செய்வார். நம் வயலின் சிர்டோரைனஸ் அந்த ஆர்தோடைலஸின் உட்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அங்கே உதவிய குறுக்குவழி இங்கே காலை வாருகிறது.

செடியை வைத்துப் பூச்சியைச் சொல்வதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: அந்தச் செடியைத்தான் அது தின்கிறது என்பது. சிர்டோரைனஸ் நெல்லில் வாழ்வது நெல்லுக்காக அல்ல. இலையுறைக்குள் புகையானும் தத்துப்பூச்சியும் இட்டு வைத்த முட்டைகளை ஊசிவாயால் குத்தி உறிஞ்சவே அது அங்கே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டை வரை உறிஞ்சும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. சிறு குஞ்சுகளையும் விடாது. இதைப் போலவே முட்டை உறிஞ்சும் இன்னொரு மிரிட் பூச்சியை 1920-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோய், கரும்புத் தத்துப்பூச்சியின் முட்டைகளுக்கு எதிராக ஏவி வெற்றி கண்டார்கள். கரும்புத் தோட்டத்தில் இருக்கிறதே என்று அதைக் கரும்பின் எதிரியாக எழுதியிருந்தால் அந்த வெற்றி கிடைத்திருக்காது.

நெல்லில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். மருந்து முதலில் கொல்வது வெளியே ஓடித் திரியும் மிரிட்டைத்தான். இலையுறைக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாளில் குஞ்சு பொரித்து வரும்போது தின்ன ஆளில்லை. சில பைரித்திராய்டு மருந்துகளுக்குப் பிறகு புகையான் முன்னைவிடப் பெருகியதை வேளாண் துறையே எச்சரிக்கிறது. இந்தோனேசியா 1986-இல் அதிபர் ஆணை வழியாக 57 பூச்சிமருந்துகளை நெல்லில் தடை செய்தது இதனால்தான். எதிர்ப்புள்ள ரகத்தை மட்டும் நம்பவும் முடியாது. நம் திரூர்க்குப்பத்தில் பிறந்த டி.கே.எம். 6 ரகத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு, புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 ரகம் 1973-இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் புகையான் அதையும் தின்னப் பழகிக்கொண்டது.

வேளாண் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரச் சேத நிலைக் கணக்கைப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். நல்ல விதி. ஆனால் இதில் சிலந்திக்கு இடமிருக்கிறது, மிரிட்டுக்கு இல்லை. சிலந்தி யார் கண்ணுக்கும் தெரியும், இதற்குப் பழகிய கண் வேண்டும். காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அடையாளம் தெரியாததை எப்படி எண்ணுவது?

இத்தனைக்கும் கற்றுக்கொள்வது கடினமல்ல. ஒரு கைலென்ஸ் போதும். தத்துப்பூச்சியின் உணர்கொம்பு கண்ணருகே குட்டையான மயிர்போல நிற்கும். மிரிட்டுக்கு நீளமாக, நாலு கணுவோடு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். தத்துப்பூச்சி இறக்கையைக் கூரைபோலச் சாய்த்து மடிக்கும். மிரிட் முதுகின்மேல் தட்டையாகப் போட்டுக்கொள்ளும். விரலைக் கொண்டுபோனால் ஒன்று தத்தும், மற்றது ஓடும் அல்லது பறக்கும்.

இப்போது செயலிகள் வந்திருக்கின்றன. ஒன்றிய அரசின் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படம் எடுத்து அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு பூச்சியைச் சொல்லும். வயலுக்கும் ஷிப்டுக்கும் நடுவே அலையும் சிப்காட் தொழிலாளி-விவசாயிக்கு இது உண்மையான உதவி. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், இத்தகைய செயலிகள் வழக்கமாகப் பயிரைத்தான் முதலில் கேட்கின்றன. அதாவது பழைய குறுக்குவழியையே கணினிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மேலிருந்து எடுத்த மங்கலான படத்தில் உணர்கொம்பு தெரியாது. தத்தியதா ஓடியதா என்பதைப் படம் சொல்லாது. கேட்டால் விவசாயி சொல்வார்.

அப்படியானால் ஒவ்வொன்றையும் அறிஞரிடம் அனுப்பலாமா? வேண்டாம். புகையான் பத்து நாளில் வயலை எரித்துவிடும். முடிவு வரும்போது வைக்கோல்தான் மிஞ்சும். துல்லியமான வகைப்பாடு தேவைப்படுவது புதிய பூச்சி நுழையும்போது. 2008-இல் கோவையில் தென்பட்ட மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. செடியை வைத்துப் பார்த்திருந்தால் மூன்று பயிருக்கு மூன்று பூச்சி என்று தோன்றியிருக்கும். இனம் சரியாகத் தெரிந்ததால்தான் அதற்கேற்ற ஒட்டுண்ணிக் குளவியை 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்க முடிந்தது. தினசரி நெல் வயலுக்கு அந்த அளவு துல்லியம் வேண்டாம். தத்துப்பூச்சியா மிரிட்டா என்று பிரித்தாலே போதும்.

மிரிட்டையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. புகையான் பெருகிய பிறகே அது பெருகும். பல சமயம் தாமதமாகத்தான் வரும். அதைச் சீக்கிரம் வரவழைக்க ஒரு வழி தெரிந்திருக்கிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் வரப்பில் எள் போன்ற தேனுள்ள பூச்செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி மருந்தடிப்பு 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. எள் பூ இருந்தால் சிர்டோரைனஸ் அதிக நாள் வாழ்கிறது, அதிக முட்டை உறிஞ்சுகிறது என்பது சோதனைகளில் தெரிந்தது. பொன்னேரிப் பக்கம் வரப்பில் உளுந்து போடச் சொல்லும் பரிந்துரை ஏற்கெனவே இருக்கிறது; பக்கத்தில் ஒரு வரிசை எள்ளையும் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன், தூரை விலக்கிப் பார்க்கிறவர் அங்கே ஓடுவது எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.