லேண்ட் ரோவருக்குள் டர்போ டீசல்

கேமரன் மலையில் ஒரு பழைய லேண்ட் ரோவரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பல வேளைகளில் உள்ளே இருப்பது ஜப்பான். வெளியே 1960களின் அலுமினிய உடல், லீஃப் ஸ்பிரிங், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். உள்ளே ஏதோ ஒரு பிக்கப்பிலிருந்தோ வேனிலிருந்தோ, பாதியாக அறுத்து இறக்குமதியாகும் பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப்-கட் கடை வழியாக வந்த டீசல் இன்ஜின், அதன் பக்கவாட்டில் நத்தை ஓடு போல ஒரு டர்போ. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் இந்த வண்டிகளைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. இந்த இன்ஜின் மாற்று வைத்தியம் மலைக்கும் வண்டிக்கும் பொருந்துகிறதா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். பிரிஞ்சாங் மலையுச்சி 2,031 மீட்டர். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் ஊடாகத்தான் அதற்கு வழி. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட 13 முதல் 18 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் தானாக இழுக்கும் காற்றை நம்பியே வாழ்வதால், அதன் வலுவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். சீரீஸ் எனப்படும் பழைய லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் டீசலுக்குப் பிறப்பிலேயே 62 குதிரைத்திறன்தான்; தானா ராத்தாவில் அது 54 ஆகிவிடும். போதாக்குறைக்கு, பழைய எரிபொருள் பம்புக்கு உயரம் தெரியாது. சமவெளியில் ஊற்றிய அளவு டீசலையே மேலேயும் ஊற்றும். எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும். டர்போவோ வெளியேறும் புகையின் விசையில் சுழன்று காற்றை அழுத்தித் தள்ளுகிறது. காற்று மெலிந்தால் கூடுதல் வேகத்தில் சுழன்று, இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மலைக்கென்றே செய்தது போன்ற குணம் இது. தாப்பாவிலிருந்து சுமையோடு ஏறிவரும் வண்டிக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் சுமையோடு நெடுஞ்சாலை ஏறுவது ஒரு வேலை, தேயிலை நிரைகளுக்கு இடையே ஊர்வது வேறு வேலை.

டர்போ டீசலின் இயல்பு முழுமையாக வெளிப்படும் இடம் கடலில் விரையும் பந்தயப் படகு. இத்தாலியின் ஃபாபியோ புஸ்ஸி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை டீசல் பந்தயப் படகுகளுக்கே கொடுத்தவர். 2018 மார்ச்சில் கோமோ ஏரியில் மணிக்கு 277 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்தப் படகில் இன்ஜின் ஏறக்குறைய முழுச் சுமையில் ஓடிக்கொண்டே இருக்கும். டர்போ ஓய்வதே இல்லை. சூட்டைத் தணிக்கச் சுற்றிலும் வற்றாத நீர். தேயிலைக் கொழுந்து ஏற்றும் வண்டிக்கு இதில் ஒன்றுகூட வாய்க்காது. லோ கியரில், நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றில், நின்று நின்று நகரும் வண்டி அது. அந்தச் சுற்றில் டர்போ விழிப்பதே இல்லை. அப்போது அது வெறும் சிறிய டீசல் இன்ஜின். டர்போ இல்லாத, அதைவிடப் பெரிய இன்ஜின் அங்கே நன்றாக இழுக்கும். பாதி எரிந்த கரி குழாய்களில் படிவதும் இந்த ஊர்தலில்தான்.

பிறகு ஏற்றம் வரும். இன்ஜின் திணறி ஏறி, டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று, புகைக்குழாய் கொதிக்கக் கொதிக்கத் தொழிற்சாலை வாசலுக்கு வரும். ஓட்டுநர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மூட்டையை இறக்கப் போய்விடுவார். பழைய பெட்ரோல் இன்ஜினில் அது பழுதில்லாத பழக்கம். டர்போவிலோ, எண்ணெய் ஓட்டம் நின்றதும் தாங்கிக்குள் தேங்கிய எண்ணெய் அங்கேயே கருகிக் கட்டியாகும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் போதும். இதை ஓட்டுநருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பிறகு டர்போ போய்விட்டது என்று ஹாஃப்-கட் இன்ஜினைத் திட்டுவார்கள்.

சூடு இன்னொரு வழியிலும் பழிவாங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கும்வரை கவலையில்லை. மூடியின் ரப்பர் தளர்ந்தால், சமவெளியில் தாங்கியிருக்கும் இன்ஜின் மலையில் கொதித்துவிடும். 62 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதைவிட மிகுந்த வலுவுள்ள இன்ஜினை அதன் பின்னால் பொருத்துவதும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரை வைக்க இடமில்லை என்று கழற்றி எறிவதும் சிக்கனமல்ல. சிலிண்டர் ஹெட்டை முன்கூட்டியே அடகு வைப்பது.

லேண்ட் ரோவர் நிறுவனமே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1986இல் அது தன் பழைய 2.5 லிட்டர் டீசலுக்கு ஒரு டர்போவைச் சேர்த்து 85 குதிரைத்திறன் ஆக்கியது. பிஸ்டன் விரிசல் விட்டது, எண்ணெய் கக்கியது, பெயர் கெட்டது. எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் புதிய ஹெட், இண்டர்கூலர் என்று வடிவமைத்து 1989இல் வந்த 200டிடிஐதான் நிலைத்தது. ஒரு பழைய இன்ஜினோடு டர்போவை ஒட்டினால் மட்டும் போதாது என்று தயாரித்தவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. பட்டறையில் இரண்டு நாளில் முடிக்கும் வேலையில் அந்த அறிவை எதிர்பார்க்க முடியுமா?

இன்ஜினுக்குப் பின்னால் இருப்பவற்றின் கதையைச் சொல்லவே வேண்டாம். பழைய 2.25 டீசல் தந்த முறுக்குவிசை சுமார் 140 நியூட்டன் மீட்டர். 200டிடிஐ தருவது 255. அதே கியர்பாக்ஸ், அதே பின்புற ஹாஃப்-ஷாஃப்ட், அதே கிளட்ச்சில் அது இறங்கும்போது எது முதலில் முறியும் என்பதுதான் கேள்வி. சீரீஸ் வண்டியின் ஹாஃப்-ஷாஃப்ட் பழைய இன்ஜினுக்கே முறிந்து பெயர் வாங்கியது.

எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருவது பிரேக். டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் தட்டு இல்லை. அதனால் பெட்ரோல் இன்ஜின் இனாமாகத் தந்த வெற்றிட உறிஞ்சல் கிடைக்காது. சர்வோ பிரேக் இருந்தால் அதற்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். ஜப்பானிய டீசல்கள் பலவற்றில் அது ஆல்டர்நேட்டரோடு சேர்ந்தே வரும். குழாயை இணைக்காமல் விட்டால் பெடல் கல்லாகிவிடும். ஏற்றத்தில் கூடிய வலுவுக்கு ஏற்ப மூட்டையும் கூடும். அதே மூட்டையோடு அதே டிரம் பிரேக்கில் இறங்கவும் வேண்டும். வலுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

கொழுந்தின் கணக்கு இங்கேதான் நுழைகிறது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கரை கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறிச் சிவந்துவிடும். பிறகு தரம் திரும்பாது. ஆகவே தோட்டத்துக்கு வேண்டியது பத்து நிமிடம் முன்னதாக வரும் வண்டியல்ல. எந்த நாளும் வழியில் நிற்காத வண்டி. ஆஸ்திரேலிய ராணுவம் 1980களின் பிற்பகுதியில் வாங்கிய பெரெண்டி லேண்ட் ரோவர்களில் இதே சிந்தனையைப் பார்க்கலாம். இசுசுவின் 3.9 லிட்டர் டீசலைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு சக்கர வண்டிக்கு டர்போ இல்லாதது, கனமான ஆறு சக்கர வண்டிக்கு மட்டும் டர்போ. எல்லாவற்றுக்கும் டர்போ போட அவர்களுக்குப் பணமில்லாமல் இல்லை.

எரிபொருள் கணக்கும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது. பிறகு வாரந்தோறும் மாறத் தொடங்கியது. அப்போது ரோன்95 பெட்ரோல் 2.05 ரிங்கிட்தான். டீசல் மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் குடிக்கும் என்று வைத்தாலும், விலை ஏறக்குறைய 3.08ஐத் தாண்டும்போது அந்த ஆதாயம் கரைந்துவிடும். தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கும் தனியார் டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் 2024இல் மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது. அது தோட்ட நிறுவனத்துக்கான ஆறுதல் அல்ல.  

இதற்கெல்லாம் பெட்ரோலுக்கே திரும்புங்கள் என்பது பொருளல்ல. மூட்டையேற்றி ஊரும் வேலைக்கு டீசலின் தாழ்சுற்று முறுக்குவிசைக்கு ஈடில்லை. தோட்ட எல்லைக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு, கரும்புகையைக் குறைக்கும்படி பம்பை மலைக்கேற்பத் திருத்திய, டர்போ இல்லாத சற்றுப் பெரிய டீசல் போதும். தேயிலை பக்கத்து மணத்தையெல்லாம் உறிஞ்சும் பொருள் என்பதால் அந்தத் திருத்தம் வெறும் நாகரிகமல்ல, தொழில் தேவை. தாப்பாவுக்கோ சிம்பாங் பூலாய்க்கோ சுமையோடு போய்வரும் வண்டிக்கு டர்போ தகும்; ஆனால் ரேடியேட்டர், இண்டர்கூலர், வேக்குவம் பம்ப், பிரேக் ஆகியவற்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிய பிறகு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடித்த பிறகு. அந்தக் காசு கையில் இல்லையென்றால் பழைய இன்ஜினையே பிரித்துச் செப்பனிட்டு ஓட்டுங்கள்.