இரண்டு முகப்பு வண்டி

இந்த ட்ராம் வண்டிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று தனியாக எதுவும் இல்லை. இரண்டு முனையிலும் ஓட்டுநர் நிற்க இடம் உண்டு, விசைப்பெட்டி உண்டு, காலால் மிதித்து அடிக்கும் மணி உண்டு. கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கோலும் முனைக்கு ஒன்று. பாதை முடிகிற இடத்தில் வண்டி திரும்பாது, ஓட்டுநர்தான் திரும்புவார். கைப்பிடிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே நடந்து மறுமுனைக்குப் போவார். அவர் பின்னாலேயே இன்னொருவர் ஒவ்வோர் இருக்கையின் சாய்மானத்தையும் தள்ளிக்கொண்டே வருவார். படக், படக் என்று வரிசை முழுவதும் முகம் மாறும். வெளியே ஒருவர் கயிற்றை இழுத்து ஒரு கோலை இறக்கிக் கட்டி, மற்றதை ஏற்றுவார். பத்து நொடி முன்புவரை கடைசி இருக்கையாக இருந்தது இப்போது முதல் இருக்கை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரை ஒட்டியிருக்கும் ஈஸ்ட் ஹேவனில் ஷோர் லைன் ட்ராலி மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. நாம் ட்ராம் என்பதை அங்கே ட்ராலி என்கிறார்கள். கிட்டத்தட்ட நூறு வண்டிகள் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே எனக்கு முதலில் பிடித்த காட்சிப்பொருள் தண்டவாளம்தான். ஈஸ்ட் ஹேவனிலிருந்து ஷார்ட் பீச் வரை ஒன்றரை மைல். 1900இல் ட்ராம் ஓடத் தொடங்கிய அதே பாதை. (சென்னையில் அதற்கும் ஐந்து ஆண்டு முன்பே, 1895இல், மின்சார ட்ராம் ஓடிக்கொண்டிருந்தது. 1953இல் அது நின்றுபோனது.) அமெரிக்காவில் ட்ராம்களுக்கு நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று தெரிந்த சிலர் 1945இல் சங்கம் ஒன்று சேர்த்தார்கள். 1947 மார்ச்சில் அங்கே ட்ராம் விட்டுக்கொண்டிருந்த கம்பெனி ஓட்டத்தை நிறுத்தியபோது, பாதையைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட விடாமல் சங்கம் எடுத்துக்கொண்டது. நாட்டில் தொடர்ந்து இயங்கிவரும் புறநகர் ட்ராம் பாதைகளில் இதுவே மிகப் பழையது என்பது அவர்கள் பெருமை. 1983 முதல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் இருக்கிறது. மற்ற அருங்காட்சியகங்களில் பொருள் இருக்கும், அது புழங்கிய இடம் இருக்காது. இங்கே இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை.

நுழைந்ததும் உள்ள கட்டடத்துக்கு ஃபிராங்க் ஸ்பிராக் பெயரை வைத்திருக்கிறார்கள். 1888இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மின்சார ட்ராமை ஊர் முழுக்க ஓட்டிக் காட்டி, இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று நிரூபித்தவர். பிறந்ததும் இதே மாநிலத்தில், மில்ஃபோர்டில். உள்ளே படங்கள் உண்டு, விளக்கப் பலகைகள் உண்டு. அவற்றைப் பிறகு பார்க்கலாம். வண்டி கிளம்பப் போகிறது என்றால் முதலில் ஏறிவிடுவதே நல்லது.

ஏறியதும் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். அவருடைய இடது கை பித்தளைக் கைப்பிடியில் இருக்கும். அதை அவர் ஒரே வீச்சில் திருப்புவதில்லை, ஒவ்வொரு வெட்டாக, படிப்படியாக நகர்த்துகிறார். கம்பியில் வருவது 600 வோல்ட் நேர்மின்சாரம். முதல் சில வெட்டுகளில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து அந்த மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், வண்டி நிதானமாக நகரும். பாதி வட்டம் தாண்டியதும் இணைப்பு மாறி ஒவ்வொன்றுக்கும் முழு அழுத்தமும் கிடைக்கும். இடையில் இருக்கும் வெட்டுகளில் மின்தடைகள் சூடேறுவதால் அங்கே கை தங்கக் கூடாது. தங்கி ஓட்டத் தகுந்தவை பாதியில் ஒன்று, கடைசியில் ஒன்று, அவ்வளவே. அவசரப்பட்டால் வண்டி உதறும், தயங்கினால் அடியில் சூடு ஏறும். நல்ல ஓட்டுநரின் கை இந்த இரண்டுக்கும் நடுவே போகும். அதைப் பார்க்கக்கூட வேண்டாம், காதால் கேட்டாலே போதும். தரைக்கு அடியில் பல்சக்கரங்களின் உறுமல் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு படி ஏறும். ஏற்றம் சீராக இருந்தால் கை பழகிய கை.

நிறுத்துவது இன்னும் நுட்பம். வலது கையில் காற்று பிரேக்கின் பிடி. காற்றை ஏற்றிக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்துவது யாருக்கும் வரும். வண்டி முழுதும் நிற்பதற்குக் கணநேரம் முன்பாக அந்தக் காற்றில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்தால் நிற்கும்போது வண்டி ஒருமுறை பின்னால் குலுங்கும், நின்றுகொண்டிருக்கும் பாட்டி தடுமாறுவாள். 'புஸ்' என்ற அந்த ஓசையும் வண்டி நிற்பதும் ஒன்றாக முடிந்தால் ஓட்டுநரைப் பார்த்துத் தலையாட்டலாம். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பதால் அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பு அதிகம்.

விளக்குகளையும் கவனியுங்கள். வீட்டில் எரியும் சாதாரண 120 வோல்ட் பல்பு 600 வோல்ட்டைத் தாங்காது. அதனால் ஐந்து ஐந்து பல்புகளாகத் தொடரில் கோத்துவிட்டார்கள். ஐந்து நூற்றிருபது அறுநூறு, கணக்கு சரியாகிவிட்டது. கல்யாண வீட்டுச் சீரியல் செட் மாதிரிதான், ஒன்று போனால் ஐந்தும் போச்சு. எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வண்டி மேடேறும்போது மோட்டார்கள் மின்சாரத்தை அதிகம் இழுக்க, பல்புகள் சற்று மங்கும். கோல் கம்பியைவிட்டு நழுவினால் எல்லாம் அணையும். பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்கள், நடத்துநர் இறங்கிப்போய்க் கயிற்றைப் பிடித்து மறுபடி பொருத்துவார். புதிய ரயிலில் இதற்குப் பெயர் கோளாறு. இங்கே அதற்காகவே காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

பல வண்டிகளில் பிரம்புப் பின்னல் இருக்கை. கோடையில் உடம்பு ஒட்டாது, துடைத்தால் சுத்தமாகும், ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தாலும் எளிதில் கிழியாது. பழசாக ஆக மெருகு ஏறும் பொருள் அது. சாய்மானத்தின் மூலையில் பித்தளைப் பிடி ஒன்று இருக்கும். நிற்பவர் பற்றிக்கொள்ளவும் அதுதான், முனையில் இருக்கையைத் திருப்பவும் அதுதான். ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்த அந்தத் தச்சர் யாரோ, அவரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. மேலே பார்த்தால் கூரையின் நடுப்பகுதி ஓர் அடுக்கு உயர்ந்து, அதன் இரு பக்கமும் சிறு சிறு கண்ணாடிச் சன்னல்கள். வெக்கை வெளியேற வைத்தவை, வெளிச்சமும் அவற்றின் வழியாக வருகிறது.

பிரம்பு இருக்கை வண்டிகளுக்கு நேர் மாறாக 500ஆம் எண் வண்டியைச் சொல்ல வேண்டும். 1904இல் ஃபிலடெல்ஃபியாவின் பிரில் கம்பெனி கட்டியது. ட்ராம் கம்பெனியின் பெரிய மனிதர்களும் வாடகை கொடுத்த விருந்தினரும் போன சொகுசு வண்டி. வரிசை இருக்கை கிடையாது, தனித்தனி நாற்காலிகள், திரைகள், இழைத்த மரவேலை. அழகுதான், மறுப்பதற்கில்லை. இருந்தாலும் எனக்கு அதில் கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது. செலவு செய்ய மனம் இருந்தால் யாரும் அப்படி ஒன்றைச் செய்துவிடலாம். ஐந்து சென்ட் கட்டணத்துக்கு ஏறியவருக்காகச் செய்த பிரம்பு இருக்கையில்தான் யோசனை அதிகம்.

கொட்டகையில் நிற்பவற்றில் இரண்டை விட்டுவிடாதீர்கள். ஒன்று, புரூக்ளினில் ஓடிய 1001. ட்ராம் கம்பெனிகளின் தலைவர்கள் ஒன்றுகூடி, மோட்டார் காருக்குப் போட்டியாக ஒரு வண்டி வேண்டும் என்று பொறியாளர்களை வைத்து வரைந்த பி.சி.சி. வகையின் தொடக்க வண்டிகளில் ஒன்று, 1936இல் வந்தது. சக்கரத்துக்குள் ரப்பர் வைத்தார்கள், கைப்பிடிக்குப் பதில் காலால் மிதிக்கும் பெடல் வைத்தார்கள். உறுமல் போய்விட்டது. நல்ல வண்டி, ஆனால் முன்பு சொன்ன கையின் நயமும் கூடவே போய்விட்டது. மற்றொன்று நியூயார்க் தேர்ட் அவென்யூ கம்பெனியின் 629. 1939இல் கட்டியது. போருக்குப் பின் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா அனுப்பிய உதவிகளோடு கப்பலேறி வியன்னாவுக்குப் போய், அந்த ஊர்க்காரர்களைப் பல ஆண்டுகள் சுமந்துவிட்டு மறுபடி கடல் தாண்டி வந்து இங்கே நிற்கிறது.

பாதையின் நடுப்பகுதி உப்பங்கழி. வண்டி வீடுகளைத் தாண்டியதும் இரு பக்கமும் கோரை, சேறு, வளைந்து வளைந்து போகும் நீர். ஃபார்ம் ஆற்றை மரப்பாலத்தில் கடக்கும்போது சக்கர ஓசை சட்டென்று மாறும், அடியில் மண் இல்லாத ஓசை. ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் பாலத்துக்குக் கொஞ்சம் கீழேதான். ஓதம் வற்றியிருந்தால் சேற்றில் கொக்கு நிற்கும். கார் போகும் சாலை எதுவும் அருகில் இல்லை. நெய்தல் நிலத்தை இவ்வளவு கிட்டத்தில், செருப்பில் சேறு படாமல் பார்க்க இதைவிட நல்ல இருக்கை கிடைக்காது.

அதே கழிதான் எமனாகவும் வந்தது. 2011இல் ஐரீன் புயல் உப்புத் தண்ணீரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது. மோட்டார்களுக்குள் உப்பு புகுந்தால் சுருள்களின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டே சாண்டி. அதற்குப் பிறகு உயரமான இடத்தில் புதிய கொட்டகைகள் எழுந்தன. நனைந்த மோட்டார்களைப் பிரித்து, காயவைத்து, மறுபடி சுற்றும் வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது, வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோன எவருக்கும் தெரியும்.

இனி திருவிழாக்கள். அக்டோபரில் பூசணிக்காய்ப் பயணம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி போகும், வழியில் ஒரு திடலில் பூசணிக்காய்கள் பரப்பியிருக்கும், ஆளுக்கொன்று பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார், விளக்கு அலங்காரம் இருக்கும். வண்டி ரசிகர்களில் சிலருக்கு இதில் முகச்சுளிப்பு உண்டு: வரலாறு இருக்கும் இடத்தில் பூசணிக்காய்க்கு என்ன வேலை? அந்தப் பேச்சு சரியில்லை என்பேன். ட்ராம் கம்பெனிகளே இதைத்தான் செய்தன. வேலைநாளில் நிரம்பும் வண்டி ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடியது. ஆகவே பாதையின் கோடியில் பூங்காவும் ராட்டினமும் பாட்டுக் கச்சேரியும் வைத்து ஊரை இழுத்தார்கள். பிட்ஸ்பர்க்கின் கென்னிவுட் பூங்கா அப்படி ஒரு ட்ராம் கம்பெனி தொடங்கியதுதான், இன்றும் ஓடுகிறது. நியூ ஹேவன்காரர்களுக்குப் பக்கத்திலேயே சேவின் ராக் என்ற பூங்கா இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்ட நாட்களில் பக்கச்சுவர் இல்லாத திறந்த வண்டிகளில், நீள நெடுகப் பலகைப் படியில்கூடத் தொங்கிக்கொண்டு கூட்டம் மைதானத்துக்குப் போனது. மற்ற ஊர்கள் திறந்த வண்டிகளைக் கைவிட்ட பிறகும் அந்தக் கூட்டத்துக்காகவே 1940கள் வரை இங்கே அவை ஓடின. பூசணிக்காயோடு திரும்பும் பிள்ளை அந்தக் கூட்டத்தின் வாரிசு. அது கொடுக்கும் டிக்கெட் காசில்தான் சுருள் சுற்றுவதும் நடக்கிறது.

ஆனால் நுணுக்கம் பார்க்க வேண்டுமென்றால் திருவிழா நாள் உதவாது. கூட்டத்தில் ஓட்டுநரின் கை தெரியாது, பிள்ளைகளின் கூச்சலில் உறுமல் கேட்காது. குடும்பத்தோடு ஒருமுறை அக்டோபரில் போங்கள். முடிந்தால் விழா எதுவும் இல்லாத நாளில் இன்னொருமுறை போங்கள். அன்று ஷார்ட் பீச்சில் வண்டி நின்றதும் உட்கார்ந்தே இருக்காதீர்கள். எழுந்து உங்கள் இருக்கையை நீங்களே திருப்பலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். நான் திருப்பியிருக்கிறேன். கையில் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, பாதி தாண்டியதும் தானாக விழும். குளிர்காலத்தின் நடுவில் பெரும்பாலும் ஓட்டம் இருக்காது, மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் வண்டி கிடையாது. புறப்படுவதற்கு முன் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.