புள்ளிகளுக்கு அடியில் இருப்பது

பள்ளிச் சுவர்னா நமக்குத் திருக்குறளும் ருக்குன் நெகாராவும்தான். 1971-இல் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், பப்புன்யா பள்ளிச் சுவரில் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் தேன் எறும்புக் கதையைத் தீட்டினார்கள். ஊக்குவித்தவர் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர். பழங்குடியினரை வெள்ளையர் வழிக்குத் திருப்ப அரசு அமைத்த குடியிருப்பு அது. பிறகு அந்தச் சுவருக்குச் சாயம் பூசி அழித்தே விட்டார்கள். ஆனால் 1972-லேயே ஓவியர்கள் 'பப்புன்யா துலா' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

மாணவர்களே, "புள்ளிகள் ஓவியத்துக்கு அழகூட்டுகின்றன" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொடக்கக்கால ஓவியங்களில் சடங்கு இரகசியங்கள் வெளியே தெரிந்ததை மற்ற ஊர்ப் பெரியவர்கள் கண்டித்தார்கள். அதன் பின்னரே புள்ளிகள் பெருகி, காட்டக்கூடாததை மூடின. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை வாங்குபவர் முடிவு செய்யவில்லை. பண்பாட்டுத் தன்னுரிமை என்பது இதுதான்.

கிளிஃபர்ட் போசம் 1977-இல் வரைந்த 'வார்லுகுலோங்' 2007-இல் 24 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு விலை போனதைத்தான் பலரும் பேசுறாங்க. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 'ஙுர்ரரா' ஓவியம். 1997-இல் நாற்பது பேரளவில் சேர்ந்து வரைந்த பெரிய துணி. நில உரிமை விசாரணையில், அவரவர் வரைந்த பகுதியின் மேல் நின்று சொந்த மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007-இல் உரிமை கிடைத்தது.

இதைக் கெடாவோடு அப்படியே ஒப்பிட முடியாது. அவர்கள் மண்ணின் ஆதிக்குடிகள். நம்ம தாத்தா பாட்டி கூலிகளாக வந்தவர்கள். நிரை நிரையாக மரத்தை அறிந்திருந்தும், தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது காட்டுவதற்குக் கையில் பத்திரம் இல்லை. சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தபோது கூடவே வந்தது பேச்சுதான்: பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலுக்கு உயிர் கொடுப்பதும் இந்தப் பேச்சே.

அந்தப் பேச்சைச் சாயம் பூசி மறைப்பது இன்று யார்? சிறுகதையில் ஒரு மாணவி "பெரட்டுக்கு நேரமாச்சி" என்று எழுதினால், சிவப்பு மையில் 'வருகைப் பதிவு' என்று திருத்துகிறோம். வருகைப் பதிவு வகுப்பறையில் எடுப்பது. பெரட்டு, விடியுமுன் கொசுக்கடியில் கிராணி முன்னால் நிற்பது. கட்டுரை என்றால் திருத்துங்கள். கதைமாந்தர் வாயில் வந்தால், ஆசிரியர்களே, விட்டுவிடுங்கள்.