ஒற்றனும் நட்சத்திரமும்

ஒற்றனுடைய முதல் தகுதி கண்ணில் படாமலிருப்பது. நட்சத்திர நடிகனுடைய முதல் தகுதி, தான் இருக்கும் இடத்தில் வேறெதுவும் கண்ணில் படாமல் செய்துவிடுவது. இவ்விரண்டையும் ஒரே உடம்பில் ஏற்ற முயலும் படம் ஒரு முரண்பாட்டோடுதான் பிறக்கிறது. அதைத் தீர்த்துவிட வேண்டுமென்பதில்லை. உணர்ந்திருந்தால் போதும், அந்த உணர்விலிருந்தே ஒரு கலை சாத்தியப்படும். தமிழ் சினிமா நெடுங்காலம் இதை ஒரு பிரச்னையாகவே கொள்ளவில்லை. ‘வல்லவன் ஒருவன்’ (1966) ஜெய்சங்கரும் ‘ரகசிய போலீஸ் 115’ (1968) எம்.ஜி.ஆரும் துப்பறியப் போகிற வழியில் பாடி ஆடிவிட்டுத்தான் போகிறார்கள். ரகசியம் என்பது தலைப்போடு சரி.

கமல்ஹாசனின் இரண்டு ‘விக்ரம்’ படங்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியது இதனால்தான். பெயர் ஒன்று, நடிகர் ஒருவர், தயாரிப்பும் அவருடைய ராஜ்கமல் நிறுவனமே. 1986 மே மாதம் முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 31. 2022 ஜூனில் இரண்டாவது வந்தபோது 67. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் ஒற்றனைப் பற்றி நம் சினிமாவுக்கு ஏதாவது தெரியவந்திருக்கிறதா என்பதே என் கேள்வி. வியாபாரப் படங்களுக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சமூகம் யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் விடுகிறது என்பது அதன் தீவிர இலக்கியத்தைவிட அதன் வியாபார சினிமாவில்தான் ஒளிவுமறைவின்றிப் பதிவாகிறது என்று எனக்குப் படுகிறது.

முதல் படத்தை இயக்கியவர் ராஜசேகர். எழுத்தில் சுஜாதாவும் கமல்ஹாசனும். கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்திரன் என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. கடத்தியவன் சத்யராஜ் நடித்த சுகிர்தராஜா. மனைவியைப் பறிகொடுத்த விக்ரம் அதை மீட்கக் கிளம்புகிறான். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவின் கை முன்பாதியில் தெரிகிறது. கணினி, கட்டளைகள், எண்கள் என்று அன்றைய தமிழ்ப் படத்துக்கு அந்நியமான ஒரு சூழல் உருவாகிறது. உண்மையான அக்னி ஏவுகணை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1989 மே 22இல்தான். பெயரைக் கதை மூன்று வருஷம் முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் ஏவுகணை போய்ச் சேரும் இடம் சலாமியா என்ற கற்பனை ராஜ்யம். அங்கே ராஜா அம்ஜத் கான், இளவரசி டிம்பிள் கபாடியா. விஞ்ஞானத்தில் தொடங்கிய படம் விட்டலாச்சார்யாவின் அரண்மனையில் போய் இறங்குகிறது. எதிரி நாட்டைக் கற்பனை செய்ய வேண்டி வந்ததும் படைப்பு மனம் நூறு வருஷம் பின்னால் போய்விட்டது.

சலாமியாவுக்கென்று ஒரு பாஷையும் உண்டு. அதைத் தமிழாக்கிச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளன் உண்டு; ஜனகராஜ். அவன் வாயைத் திறந்தால் கொட்டகை சிரிக்க வேண்டும், அதற்காகவே வைக்கப்பட்டவன். என் வாதத்தின் முதல் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இரண்டு பாஷை தெரிந்தவன், இரு தரப்பும் பேசுவதைக் காதில் வாங்குகிறவன், அரசன் முன்னால் நிற்க அனுமதி உள்ளவன், ஆனால் யாருடைய கவனத்திலும் ஒரு மனிதனாகப் பதியாதவன் – ஒற்றனுக்கு வேண்டிய அத்தனை லட்சணமும் பொருந்திய பாத்திரம் படத்தில் அவன் ஒருவன்தான். அவனைக் கோமாளியாக்கிவிட்டு, நூறு அடி தள்ளி நின்றாலும் அடையாளம் தெரிகிற ஒருவனை ஒற்றன் என்று நம்மை நம்பச் சொல்கிறது படம்.

எல்லையில் வாழ்கிறவனுக்கு இது உறுத்தாமல் போகாது. நான் வேலை பார்க்கும் திருத்தணி, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1இல்தான் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. வரைபடத்தில் கோடு மாறியது, வாய் மாறவில்லை. நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எங்கள் கவுண்டரில் தொகையைத் தமிழிலும் மனக்குறையைத் தெலுங்கிலும் சொல்கிறார்கள். எங்கே பாஷை மாறுகிறது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. எல்லை என்பது கோட்டையும் அகழியுமல்ல, இப்படி ஒரு வாக்கியத்தின் நடுவில் நிகழ்வது. சலாமியாவைக் கற்பனை செய்தவர்களுக்கு எல்லை தாண்டுவது ஒரு விமானப் பயணம், ஒரு வேடிக்கை உடை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நம் மரபு இதைவிட விவரம் தெரிந்தது. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பார்த்தவனுக்குச் சந்தேகம் தோன்றாத உருவம் வேண்டும் என்கிறார். துறவி வேஷத்தைச் சொல்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். இதில் வீரம் எங்குமில்லை, கவனம் மட்டுமே. 1865-66இல் பிரிட்டிஷ் சர்வேக்காக லாசா வரை நடந்த, குமாவூன் மலையைச் சேர்ந்த நைன் சிங்கின் ஆயுதம் ஒரு ஜபமாலை. 108 மணி இருக்க வேண்டியதில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் தூரம் கணக்காகிவிடும். யாரும் மணிகளை எண்ணிப் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊர்ப் படிகளில் காவடியோடு ஏறுகிறவனை யார் நிறுத்தி விசாரிப்பார்கள்? பக்தன் முகமற்றவன். அந்த முகமின்மைதான் ஒற்றனின் மூலதனம்.

2022 படத்துக்கு வருகிறேன். லோகேஷ் கனகராஜ் இதன் முன்பாதியில் செய்திருப்பது, இந்த அளவு வியாபாரப் படத்தில் நான் எதிர்பாராதது. கதாநாயகனை அவர் கொன்றுவிடுகிறார். கர்ணன் என்று ஒருவன் கொலையாகிவிட்டான்; அவன் யார் என்று விசாரிக்க ஃபஹத் ஃபாசில் நடித்த அமர் வருகிறான். குடிகாரன் என்கிறார் ஒருவர், பெண்பித்தன் என்கிறார் இன்னொருவர், பேரக்குழந்தைமேல் உயிரை வைத்திருந்தவன் என்கிறார் வேறொருவர். சாட்சிகள் பேசப்பேச, ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு மனிதன் உருவாகிக்கொண்டே போகிறான்.

வங்கியில் இறந்தவர் கணக்கைத் தீர்க்கும்போது இதே அனுபவம் எங்களுக்கு உண்டு. மனைவி ஒருவரைச் சொல்வாள், அண்ணன் வேறொருவரைச் சொல்வார். மாதிரிக் கையெழுத்து மட்டும் இருவருக்கும் பிடிகொடுக்காமல் கிடக்கும். லோகேஷும் சினிமாவுக்கு வருமுன் வங்கியில் வேலை பார்த்தவர்; அது தற்செயலாகவே இருக்கட்டும். ஒரு மனிதன் என்பவன் மற்றவர்கள் அவனைப் பற்றிச் சொல்லும் பொய்களின் கூட்டுத்தொகை என்ற பிரக்ஞை அந்த முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. தன் பிம்பம் பிறர் வாயில் சிதைவதை அனுமதித்துக்கொண்டு கமல்ஹாசன் பின்னால் நிற்பதும் சாதாரண காரியமில்லை. அந்த அளவில் 36 ஆண்டுகள் வீண்போகவில்லை.

இடைவேளைக்கு முன் முகமூடி கழல்கிறது. கொட்டகை ஆர்ப்பரிக்கிறது. ஒற்றன் அந்த நிமிஷமே செத்துப்போகிறான். எழுந்து நிற்பது நட்சத்திரம். மறைந்திருந்து ஒரு வாழ்க்கையைக் கட்டியவன் கடைசியில் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 1986இல் அரசாங்கத்தின் ஆளாக இருந்தவன் 2022இல் அரசாங்கம் கைவிட்ட ஆளாகிவிட்டான் என்பதை ஒரு முதிர்ச்சி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் படத்தில் அவனைச் செலுத்துவது மனைவியின் மரணம். இரண்டாவதில் மகனின் மரணம். இரண்டிலும் தேசம் ஒரு சாக்கு. பழிவாங்கும் கதைக்கு ஒற்றனின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். சட்டை இப்போது கொஞ்சம் கசங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதே பின்பாதியில் ஒரு சில நிமிஷங்கள் இருக்கின்றன. விக்ரமின் மருமகளும் பேரனும் இருக்கும் வீட்டுக்குள் அடியாட்கள் புகுகிறார்கள். அங்கே வீட்டுவேலை செய்யும் ஒரு நடுவயதுப் பெண், அதுவரை நாம் ஒருமுறைகூட நிதானித்துப் பார்த்திராதவள், கைக்குக் கிடைத்த சாப்பாட்டு மேஜை சாமான்களை எடுத்துக்கொண்டு அவர்களை எதிர்கொள்கிறாள். அவள் ஏஜென்ட் டீனா. நமக்குக் கிடைப்பது ஓர் அதிர்ச்சியல்ல, ஒரு குற்றச்சாட்டு. அவள் பிரேமுக்குள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாள். வேலைக்காரி என்பதால் நாம் பார்க்கவில்லை. அவளுடைய மாறுவேஷத்தை அவள் தைக்கவில்லை, நம் வீடுகளின் பழக்கம் தைத்துக் கொடுத்தது. தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு கொடுத்தவள் முகத்தைப் பார்க்காத பழக்கம் அது. நடித்த வசந்தியும் சினிமாவில் நெடுங்காலம் நடனத் துறையில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றவர். தெரிந்த முகமொன்று அங்கே நின்றிருந்தால் காட்சி பொய்த்திருக்கும்.

ஆக, இரண்டு படங்களிலும் ஒற்றன் கதாநாயகனல்ல. ஒன்றில் மொழிபெயர்ப்பாளன், மற்றதில் வேலைக்காரி. முதல் படத்துக்குத் தன்னிடம் ஓர் ஒற்றன் இருப்பதே தெரியாது, சிரித்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவதற்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு சண்டை கொடுத்துக் கொன்றுவிட்டது. நட்சத்திரத்துக்கு வழிவிட்டு அவள் சாகத்தான் வேண்டுமா என்று படம் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஒரு முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளலாம், சிறிய முன்னேற்றம்.

டீனா எத்தனை வருஷம் அந்த வீட்டில் பாத்திரம் கழுவினாள், இரவில் எந்த மூலையில் படுத்தாள், அந்தக் குழந்தை மெல்ல மெல்ல அவளுக்கு வெறும் கடமையாக இல்லாமல் போயிற்றா, மாதச் சம்பளத்தை அவள் கையில் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு என்ன நினைத்தாள் – எடுக்கப்படாத படம் இதுதான். இதற்குப் பீரங்கி வேண்டாம், சலாமியாவும் வேண்டாம். ஒரு சமையலறையும் பொறுமையான ஒரு காமிராவும் போதும்.