காற்றிலா வாசலும் வளரிளம் ஓட்டக்காரரும்: பழவேற்காட்டுச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியின் கடுமையை வரையறுக்கும் அளவுகோலாகக் 'காற்றிலா வாசல்' என்னும் கருத்தாக்கம் உடற்கல்வித் துறையில் நிலைபெற்றுள்ளது. 1964-ஆம் ஆண்டு வாசர்மன், மெக்கில்ராய் ஆகியோர் இதய நோயாளிகளை மதிப்பிட முன்வைத்த இக்கருத்து, 1976-இல் மேடர் குழுவினரால் குருதியில் லிட்டருக்கு 4 மில்லிமோல் லாக்டேட் என்னும் எண்ணாக்கப்பெற்றது. அவ்வெண்ணைப் பழவேற்காடு ஏரியை அடுத்த மீனவக் குப்பங்களின் மாணவர்க்கு அப்படியே பொருத்துதல் தகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

'காற்றிலா' என்னும் அடை, அவ்வெல்லையில் தசைக்கு ஆக்ஸிஜன் அற்றுப்போகிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களில் முன்வைத்த லாக்டேட் பரிமாற்றக் கொள்கை இதனை மறுக்கிறது. ஆக்ஸிஜன் போதிய அளவில் உள்ளபோதும் லாக்டேட் உருவாகிறது. இதயமும் பிற தசைகளும் அதனை எரிபொருளாகக் கொள்கின்றன. உற்பத்தி, அகற்றலை விஞ்சத் தொடங்கும் நிலையே வாசலாகும். ஆகவே 'லாக்டேட் வாசல்' என்ற சொல்லே பொருத்தமுடையது.

வயது

சிறாரின் தசைகளில் சர்க்கரைச் சிதைவுக்குரிய நொதிகளின் செயற்பாடு பெரியவர்களினும் குறைவு. ஆதலின் ஒத்த கடுமையில் அவர்களிடம் லாக்டேட் குறைவாகவே தோன்றும். 4 மில்லிமோலை எட்டும்வரை ஓடச் செய்தால், பலர் தம் உச்ச ஆக்ஸிஜன் நுகர்வில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அடைந்துவிடுவர். இதனாலேயே வில்லியம்ஸ், ஆம்ஸ்ட்ராங் ஆகியோர் சிறார்க்கு 2.5 மில்லிமோலைப் பரிந்துரைத்தனர். பெரியவர்க்கு மிதமெனக் கணிக்கப்படும் பயிற்சி, பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் போட்டிக்கு நிகரான சுமையாகிறது.

நிலமும் வெப்பமும்

மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையினும் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என 1998-இல் லெஜன் குழுவினர் கண்டனர். ஆகவே ஓடுகளத்தில் கணித்த வாசல் வேகம் கடற்கரை மணலில் செல்லாது. இதயத் துடிப்பைக் கொண்டு கணிக்கலாமெனின், ஈரப்பதம் மிக்க வெப்பத்தில் வேகம் மாறாதிருந்தும் துடிப்பு படிப்படியாக உயரும். விடியலில் வலையிழுத்துவிட்டு வரும் மாணவனின் களைப்பையும் இவ்வெண்கள் தனித்துக் காட்டா.

மாற்று வழி

லாக்டேட் கருவியும் சோதனைப் பட்டைகளும் இன்றியே மாறுநிலை வேகத்தைக் கணிக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் வெவ்வேறு நாள்களில் முழு முயற்சியுடன் 800 மீட்டரை 180 நொடியிலும் 2400 மீட்டரை 600 நொடியிலும் ஓடினால், தொலைவு வேறுபாடான 1600-ஐ நேர வேறுபாடான 420-ஆல் வகுக்க, நொடிக்கு 3.81 மீட்டர் கிடைக்கும். இது வாசலினும் சற்றே மிகுந்த வேகமாகும். எனவே நீடித்த ஓட்டத்தை இதற்குக் கீழே அமைத்தல் வேண்டும். பயிற்சி நடைபெறும் அதே தரையில், அதே பொழுதில் இச்சோதனையை நிகழ்த்துவது இன்றியமையாதது. ஓடும்போது முழுத் தொடராகப் பேச இயலுகிறதா என்பது அன்றாடச் சரிபார்ப்பாகும்.

முடிவுரை

வாசல் என்னும் கருத்தாக்கம் பயனற்றதன்று. அதனை ஒற்றை எண்ணாகச் சுருக்கியதே குறை. வயது, தரை, வெப்பம், உழைப்பு ஆகியவற்றைக் கணக்கிற் கொள்ளாத அளவீடு, வளரும் உடலைப் பயிற்றுவிப்பதற்கு மாறாக அதனைத் தளரச் செய்யும். குப்பத்து மாணவரின் வாசலை அவர் ஓடும் மண்ணிலேயே அளத்தல் வேண்டும்.