வழுக்கையாற்றுப் பிரதேசமும் ஊர் வரலாற்றெழுத்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறெனச் சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரியில் மட்டுமே ஓடுவது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தைத் திரட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக இறங்கி அராலிக்கருகே கடனீரேரியை அடைகின்றது. குளங்களையும் வயல்களையும் தொடுத்துச் செல்லும் இந்நீரிற் பெரும்பங்கு சுண்ணக்கற்பாறையுள் இறங்கி அயற்கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. இப்பிரதேசத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த நீரிலிருந்தே தொடங்கியிருத்தல் வேண்டும்.

ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அரசரையும் குடியேறிய பிரபுக்களையும் பேசுகின்றது. அது அக்காலத்தின் இயல்பு. இன்றைய ஊர் வரலாற்று நூல்களும் அச்சட்டகத்தைக் கைவிடாமையே வியப்புக்குரியது. கோயில், பாடசாலை, புலவர், உத்தியோகத்தர் என்ற வரிசை முடிந்ததும் நூலும் முடிந்துவிடுகின்றது. (வாழ்த்துரைகளை இக்கணக்கிற் சேர்க்கவில்லை.) 1970இல் கந்தரோடையிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் நடத்திய அகழ்வும், 1980-81இல் ஆனைக்கோட்டையில் வெளிப்பட்ட பெருங்கற்காலப் புதைகுழியும் இங்கு நிலவிய மிகப் பழைய குடியிருப்புகளைக் காட்டின. அச்சான்றுகளும் பழம்பெருமைக்கே பெரிதும் பயன்பட்டன. எவர் உழுதனர், எவர் இறைத்தனர் என்ற வினா எழுப்பப்படவில்லை.

அவ்வினாவுக்குக் காணி உறுதிகளிலே தடயம் உண்டு. நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் கைமாறியமையை அவை பதிவுசெய்கின்றன. நீர் சொத்தாகப் பங்கிடப்பட்ட சமுதாயம் அது. பங்காளியின் பெயர் உறுதியில் உண்டு; கூலிக்குத் துலா மிதித்தவரின் பெயர் இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அடிமைகளை உடைமையாகவே கருதிற்று. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் பஞ்சமர் கிணற்றுக்கட்டில் ஏற முடியவில்லை. பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நிற்க வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதன்பின் சங்கானை நிச்சாமத்தில் மூண்ட போராட்டமும் இவ்வாற்றுப் பிரதேசத்தின் வரலாறன்றி வேறென்ன? வரலாற்றாசிரியர் தொடாத இவ்விடத்தை, தண்ணீர் என்றே பெயரிட்ட நாவலிற் கே. டானியல் தொட்டார். அவருடைய பாத்திரங்கள் சிலவேளை கருத்தின் பிரதிநிதிகளாகக் குறுகிவிடுகின்றன என்ற விமர்சனத்தில் உண்மையுண்டு. எனினும் குடிநீரை உற்பத்தி உறவாகவும் சாதி உறவாகவும் ஒருங்கே கண்ட பார்வை ஊர் வரலாறுகள் எவற்றிலும் கிட்டாதது.

1990இல் வலிகாமம் வடக்கிலும் 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளின் பின் இது ஏட்டுப் பிரச்சினையாக மட்டும் இல்லை. மீண்டு வந்தவர்களில் உறுதியுள்ளவர் தம் காணியை நிறுவலாம். பிறர் காணியிற் குடியிருந்த கூலியாளர் அங்கு வாழ்ந்தமைக்குப் பெரும்பாலும் வாய்மொழியே சான்று. எந்த வாய்க்காலை எவர் வெட்டித் துப்புரவாக்கினர், இறைப்பு முறை எவ்வாறு வகுக்கப்பட்டது, எக்கிணற்றில் எவர் மறிக்கப்பட்டனர் என்பன அவர்களிடமே கேட்டறியப்பட வேண்டியவை. நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் துலா மிதித்த தலைமுறையில் எஞ்சியோர் இன்று எண்பதை அண்மித்தவர்கள் அல்லது கடந்தவர்கள்.