புதரோரத்துத் துப்பாக்கி

காட்டுப்பன்றிக்கு எந்த ரைஃபிள் உத்தமம் என்று யாராவது கேட்டால், பன்றி எத்தனை கெஜத்தில் கண்ணில் படும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். விட்டம், வேகம், கம்பெனிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை ஆங்காங்கே மிஞ்சியிருக்கும் புதர்க்காடுகளைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். காரையும் சூரையும் களாவும் பின்னிக்கொண்டு ஆள் நுழைய இடம் விடாது. சீமைக்கருவேலமும் இப்போது கூடச் சேர்ந்துகொண்டது. அந்த முள் முடிகிற இடத்தில் மல்லாட்டைக் கொல்லை தொடங்கும். பன்றி வெளிப்படுவது அந்த விளிம்பில்தான். முப்பது கெஜம், மிஞ்சினால் ஐம்பது. நின்று யோசிக்கிற விலங்கு அல்ல அது. வந்த வேகத்தில் கொல்லையில் இறங்கும். சந்தேகம் தட்டினால் அதே வேகத்தில் புதருக்குள் திரும்பிவிடும்.

இந்த மாதிரி இடத்தில் தொலைநோக்கி மாட்டிய நீளமான போல்ட் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். தொலைநோக்கிக்குள் தெரிவது ரோமம் மட்டும். அது தோளா தொடையா என்று கண்டுபிடிப்பதற்குள் பன்றி போய்விட்டிருக்கும். போல்டைப் பின்னிழுக்கக் கை விசையை விட்டு எழ வேண்டும், அதோடு தலையும் சற்று எழும், குறி கலையும். லீவர் ரைஃபிளில் அந்தத் தொல்லை குறைவு. விசைக்குக் காவலாக இருக்கும் வளையத்தையே கைப்பிடியாக நீட்டியிருக்கிறார்கள். விரல்கள் உள்ளே இருந்தபடியே அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே பறந்து, புதியது உள்ளே போய், குதிரையும் ஏறிவிடும். கன்னம் கட்டையிலிருந்து நகர வேண்டியதில்லை. இடக்கைக்காரருக்கும் அதே சௌகரியம்.

பன்றியின் உடலமைப்பு தெரியாமல் தோட்டாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மாமல்லபுரம் வராக மண்டபத்துச் சுவரில் பூமாதேவியை ஏந்தி நிற்கும் வராகத்தின் உடல் மனித உடல்தான். ஆனால் தலை தோளோடு சேரும் இடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காட்டுப்பன்றிக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குப் பின்னாலிருந்து எல்லாம் ஒரே திரள். அந்தப் பாரத்தை ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி விட்டுக்கொடுக்கவில்லை. வேட்டைக்காரனின் கணக்கும் அங்கேதான். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பக்கம் தோலுக்கடியில் கெட்டியான ஒரு தடிப்பு உண்டு. இனச்சேர்க்கைக் காலத்தில் மற்ற ஆண்களின் கோரைப்பல்லைத் தாங்குவதற்கென்று இயற்கை கொடுத்தது. இதயமும் நுரையீரலும் அதற்குப் பின்னால், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கிடையில் இருக்கின்றன.

கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்று பழைய ஷிகாரிகள் சத்தியம் செய்வார்கள். அது கட்டுக்கதை. சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் விலகத்தான் செய்யும். கனத்த குண்டின் நியாயம் வேறு. பன்றி பக்கவாட்டில் நின்று காட்சி கொடுக்காது, சாய்வாக ஓடும். அந்தக் கோணத்தில் தோளைத் துளைத்து உள்ளே ஆழமாகப் போக எடை வேண்டும். பெரிய துளை என்றால் இரத்தத் தடமும் தெளிவாக விழும். காயம்பட்ட பன்றியைத் தேடிக் காரைப் புதருக்குள் முழங்காலிட்டு நுழைவதைப் போல ஒரு முட்டாள்தனம் வேறில்லை. இந்தக் கடற்கரையில் தடம் பார்ப்பதற்கு இருளர்களை விட்டால் ஆளில்லை. பாம்பின் தடத்தைக்கூட மண்ணில் படிப்பவர்கள் அவர்கள். 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய அவர்களுடைய பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்தத் திறமையை விஷ எடுப்புத் தொழிலாகவே மாற்றிக்காட்டியது.

தமிழ்நாட்டில் பெரிய விட்ட லீவர் ரைஃபிள் என்றதும் நினைவுக்கு வருகிற மனிதர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்தவர். 1954-இல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே அவர் கையில் இருப்பது .405 வின்செஸ்டர், மாடல் 1895. அவரைப் போலவே ஆட்கொல்லிகளைத் தேடிப் போன ஜிம் கார்பெட்டின் கையில் ரிக்பியின் .275 போல்ட் ரைஃபிளும் ஜெஃப்ரியின் .450/400 இரட்டைக்குழலும் இருந்தன. அதாவது இங்கிலாந்துத் துப்பாக்கிகள், துரைமார் வட்டாரத்துப் பண்டம். ஆண்டர்சன் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். மகாராஜாக்களுக்கென்று கையால் இழைத்த இரட்டைக்குழலின் விலைக்கு முன்னால், அமெரிக்கத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த வின்செஸ்டர் மலிவு. ஆனால் அடி மலிவல்ல. 300 கிரெய்ன், அதாவது பத்தொன்பதரைக் கிராம் ஈயக்குண்டு விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்பும். 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கென்று எடுத்துப்போனதும் இதே .405-தான்.

அந்த ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு முதலில் பிடிக்காது. ஜான் பிரவுனிங் வடித்தது. இருந்தாலும் அழகு என்று சொல்ல மாட்டேன். வின்செஸ்டரின் முந்தைய லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தை முட்டிக்கொண்டிருப்பதால் கூர்முனைக் குண்டு போட முடியாது. உதையில் முன்னாலிருப்பது வெடித்தாலும் வெடிக்கும். 1895-இல் பிரவுனிங் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, விசைக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தார். தோட்டாக்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். ரைஃபிளுக்குத் தொந்தி விழுந்தது. சரியாக எந்த இடத்தில் பிடித்தால் துப்பாக்கி நிறைநிலையில் தொங்குமோ, அந்த இடத்தில் அந்தத் தொந்தி உறுத்தும். காட்டில் மைல் கணக்கில் நடக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

லீவரைத் திறந்தால் இன்னும் விசித்திரம். அடிப்பகுதி முழுவதும் கழன்று தொங்குவது போல ஒரு இணைப்புத் தண்டு கீழே இறங்கும். போல்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்திருக்கும் பூட்டுக்கட்டை செங்குத்தான தடத்தில் சறுக்கிய பிறகே போல்ட் பின்னால் வரும். அந்தக் கட்டைதான் .405-இன் அழுத்தத்தைத் தாங்குகிறது. இழுப்பு நீளம், தயங்கித் தயங்கிப் பாதி இழுத்தால் தோட்டா சிக்கும். முழுதாகத் தள்ளி முழுதாக மூட வேண்டும். தோட்டா ஏற்றும்போது இன்னொன்று: .405-க்கு அடியில் விளிம்பு உண்டு. மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால், தேவைப்படும் நேரம் பார்த்துப் போல்ட் முட்டி நிற்கும்.

உதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. துப்பாக்கியின் எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடிக்கட்டையின் முனையில் பிறைவடிவ இரும்புத் தகடு. பழைய காலத்துப் பாணி அது. .405 வெடிக்கும்போது அந்தப் பிறையின் இரண்டு நுனிகளும் தோளில் பதியும். எவ்வளவு பெரிய மேதை வடித்த ரைஃபிள் என்றாலும் இந்தத் தகட்டை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

அதனால் பன்றிக்கு ஆண்டர்சனின் துப்பாக்கியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பெட்டியின் பெரிய லாபம் கூர்முனைக் குண்டு போடலாம் என்பது; .405-க்கு அந்தக் காலத்தில் வந்த குண்டோ மழுங்கல் மூக்கு. ஐம்பது கெஜத்தில் கூர்மைக்கு வேலையும் இல்லை. பழைய குழாய்க்காரனே இங்கே கெட்டிக்காரன். வின்செஸ்டர் 1886-ஆகட்டும், இன்றைய மார்லின் 1895-ஆகட்டும், வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். கண் புதரிலேயே இருக்க, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக் குறைந்ததை நிரப்பலாம். வின்செஸ்டர் 1895-ஐ நிரப்ப மேலே திறக்க வேண்டும். திறந்திருக்கும் அந்த நொடிகளில் கையில் இருப்பது வெறும் தடி.

அந்தக் குழாய் ரைஃபிள்களில் போடும் .45-70, அமெரிக்க ராணுவம் 1873-இல் எடுத்துக்கொண்ட தோட்டா. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டம், 70 கிரெய்ன் கரிமருந்து. 405 கிரெய்ன் குண்டு, மந்தமான வேகம். .405-இன் பாதி ஆரவாரம்கூட இல்லை. பன்றிக்கு அது போதும், மிச்சமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் இது பரவாததில் ஆச்சரியமில்லை. கலகக்காரர் கைக்குப் போன மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அதன் குண்டு உதவும் என்ற பயத்தில் .450 விட்ட ரைஃபிள்களை 1907-இல் இந்தியாவுக்குள் வராமல் தடுத்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470 என்று புது விட்டங்களைக் கண்டுபிடித்துச் சமாளித்தன. .405 அந்த வலைக்கு வெளியே நின்றது.

அதே பயம் வேறு உருவில் இன்றும் இருக்கிறது. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால்தான் நம் ஊர் லைசென்ஸ்காரர்கள் கையில் ஆர்டனன்ஸ் தொழிற்சாலையின் .315 போல்ட் ரைஃபிள் இருக்கிறது. நம்பகமான கருவி, அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சுடுவதற்கு உரிமையும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் அட்டவணைக்குள் வைத்திருக்கிறது. கொல்லையைக் காக்க வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைப்பவர்களும் மின்வேலி இழுப்பவர்களும் அதை மீறுகிறார்கள். அதில் செத்த யானைகளுக்கும் மனிதர்களுக்கும் கணக்கில்லை. கேரளம் 2022-இல் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது.

அந்த வேலைக்கு ஒரு வனக்காவலருக்கு நான் துப்பாக்கி எடுத்துக் கொடுப்பதென்றால் .45-70 மார்லின்தான். காலித் தோட்டாவை அது மேலே வீசாமல் பக்கத்தில் தள்ளும். பின்குறியாக நான் விரும்பும் பெரிய வளையத்தை மேலே பொருத்தத் தடையில்லை. மங்கலான வெளிச்சத்தில் அந்த வளையத்துக்குள் முன்குறியைக் கண் தானாகவே நடுவில் வைத்துக்கொள்ளும். பிறைத் தகடு வேண்டாம். தட்டையான ரப்பர் அடி போதும். குழல் இருபது அங்குலத்தைத் தாண்டக் கூடாது. செங்கல்பட்டுச் சமவெளியில் குண்டைத் தடுக்க மேடு கிடையாது; கொல்லைக்கு அப்பால் தெரு இருக்கிறது, மாட்டுக்கொட்டகை இருக்கிறது. அதனால் தரையில் நின்று சுடவே கூடாது. பரண் கட்டி, பன்றியை நெருங்க விட்டு, மேலிருந்து மண்ணை நோக்கித்தான் சுட வேண்டும். குண்டு உடலைத் துளைத்து வெளியேறினாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும். பரணின் ஓலைத் தட்டிக்குள் நீளமான குழல் இடிக்கும் என்பதால்தான் அந்த இருபது அங்குலக் கணக்கு.